ஒன்பதாம் நம்பருக்கு நான் முழுவியளமான கதை

1. கழிப்பறையில் இருந்தவன்

2009 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கிழக்கு லண்டனில், பார்க்கிங் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உதைபந்தாட்ட கிளப். இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டன. எதிரணியில் பதினொரு பேர். எங்கள் அணியில் பத்துப் பேர். பதினோராவது ஆளான டோனல், ஒன்பதாம் நம்பர் ஜெர்சியோடு, உடுப்பு மாற்றும் அறையின் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். தவம் எதிரே வராமல் வெளியே கால் வைக்கமாட்டானாம்.

தவம் என்பது நான். நான் அப்போது கழிப்பறையில் இருந்தேன்.

மனேஜர் வந்து கதவைத் தட்டினார்.

"தவம், உள்ளுக்கை என்ன செய்யிறாய்?"

இந்தக் கேள்விக்கு எந்த மொழியிலும் மரியாதையான பதில் இல்லை. நான் ஃப்ளஷ்ஷை இழுத்தேன்.

"வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வா. ரெஃப்ரி மணிக்கூட்டைப் பாக்கிறார்."

"கை கழுவிப்போட்டு வாறன்."

"கழுவாமல் வா."

அவர் பேசியது கிழக்கு லண்டன் இங்கிலீஷ். டோனல் பேசியது அயர்லாந்தின் மேற்குக் கரை இங்கிலீஷ். எனக்கு இரண்டையும் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுத வரும். அவர்கள் வாசிக்கப் போவதில்லை என்பதால் ஆட்சேபனை வராது.

நான் வெளியே ஓடினேன். குழாயடியில் வாளியை நிரப்பினேன். ஒடுங்கிய நடைபாதையில் டோனலுக்கு எதிரே நடந்து வந்தேன். அவன் வாளியைப் பார்த்தான், தலையசைத்தான், நிலையை விட்டான், ஓடினான். ஆட்டம் நாலு நிமிடம் தாமதித்துத் தொடங்கியது. அன்றைக்கு அவன் ஒரு கோல் அடித்தான். அதுதான் பிரச்சினை. அடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதவேண்டி வந்திராது.

2. கிட்மேன் என்றால் யார்

இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிட்மேன் என்பவன் அணியின் ஜெர்சி, காற்சட்டை, சொக்ஸ், பூட்ஸ், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவன். ஆட்டக்காரர் வர முந்தி ஜெர்சிகளை முதுகு நம்பர் தெரியக் கொக்கியில் கொழுவவேண்டும். சொக்ஸை உருட்டி ஜோடியாக வைக்கவேண்டும். மழை என்றால் பூட்ஸின் அடியில் நீளமான ஸ்டட், அதாவது வழுக்காமல் பிடிக்கும் குமிழ், பூட்டவேண்டும். காய்ந்த தரை என்றால் குட்டை ஸ்டட். ஆட்டம் முடிந்ததும் பதினாறு பேரின் சேறும் உங்களுடையது.

நான் ஜெர்மனியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு லண்டன் வந்தவன். வந்த நாளிலிருந்து பார்க்கிங்கில் ஒரு லாண்டரியில் வேலை. கிளப்பின் ஜெர்சிகள் எங்களிடம்தான் வரும். ஒரு நாள் மனேஜர் வந்து, புல்லின் பச்சைக் கறையை எப்படி எடுத்தாய் என்று கேட்டார். நான் தொழில் ரகசியம் என்றேன். ஊறப்போட்டது மறந்துபோய் இரண்டு நாள் கிடந்தது, அதுதான் ரகசியம். சனிக்கிழமைகளிலும் செவ்வாய் பின்னேரங்களிலும் வரமுடியுமா என்று கேட்டார். இப்படித்தான் என் உதைபந்தாட்ட வாழ்க்கை தொடங்கியது. பந்தை நான் உதைத்தது மொத்தம் ஒரு தடவை. அது வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது காலில் பட்டது.

டோனலுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினாறு வயதில் கப்பல் ஏறி இங்கிலாந்து வந்தவன். முதலில் ஒரு பெரிய கிளப். அங்கே பெரிய அணிக்காக மாற்று ஆளாக இறங்கி ஒரே ஒரு ஆட்டத்தில் பதினொரு நிமிடம் ஆடினான். அந்தப் பதினொரு நிமிடத்தையும் ஒவ்வொரு நிமிடமாகச் சொல்லுவான். சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆகும். அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் பதின்மூன்று கிளப். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி கீழே.

"படியிலை நான் விழேல்லை, தவம்," என்பான். "நடந்துதான் இறங்கினனான்."

பதின்மூன்றாவது படி நாங்கள். எங்களுக்குக் கீழே நிலம்தான்.

3. வாளி

அந்த வருஷம் மாசி மாதம் வரை டோனல் மூன்றே கோல் அடித்திருந்தான். அதிலும் கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஒன்றுமில்லை. ஃபோர்வேட் ஒருத்தன் ஒன்பது ஆட்டம் கோல் அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்கக்கூட அவனுக்குக் கூச்சம் வரும்.

காயம்பட்டவர்களுக்கு ஸ்பொஞ் நனைத்து வைக்க ஒரு வாளி தண்ணீர் மைதான ஓரத்தில் இருக்கவேண்டும். அதை நிரப்பி வைப்பது என் வேலை. ஒரு சனிக்கிழமை பிந்திவிட்டேன். ஸ்பொஞ்சை எடுக்க நான் வாளியோடு உள்ளே வர, அணி வெளியே வந்துகொண்டிருந்தது. நடைபாதையில் இரண்டு பேர் ஒதுங்க இடமில்லை. தண்ணீர் டோனலின் வலது பூட்ஸில் கொட்டியது. அவன் என்னைத் திட்டினான். அதை மட்டும் தமிழில் எழுத ஏலாது.

நாலாவது நிமிடம் அந்த வலது காலால் ஒரு கோல். இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று.

ஆட்டம் முடிய என்னைத் தேடி வந்தான்.

"என்ன செய்தனீ?"

"தண்ணி ஊத்தினது பிழைதான். மன்னிச்சுக்கொள்."

"இல்லை. ஏதோ செய்திருக்கிறாய்."

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கவேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் அலுவலாக வெளிக்கிடும்போது எதிரே வரும் ஆளை வைத்துத்தான் அலுவல் சரிவருமா என்று பார்ப்பார்கள், அதற்கு முழுவியளம் என்று பெயர், நிறைகுடத்தோடு ஒருவர் எதிரே வந்தால் அதைவிட நல்ல முழுவியளம் இல்லை என்று விளக்கினேன். ஏதோ நூலகத்துக்குக் கட்டுரை எழுதுவதுபோல விளக்கினேன்.

வேறு ஆள் என்றால் சிரித்திருப்பான். டோனல் பஸ்ஸில் போகும்போது ஒற்றை மக்பை குருவியைக் கண்டால் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடிக்கிற ஆள். ஒற்றையாகக் கண்டால் கூடாதாம், சல்யூட் அடித்தால் பரிகாரமாம். மோட்டர்வேயில் ஒரு பயணத்தில் பதினேழு சல்யூட் அடித்ததை நான் எண்ணியிருக்கிறேன். அவன் என் தோளில் கை வைத்தான்.

"அடுத்த கிழமையும் வா. நிறைய நிரப்பு."

அடுத்த கிழமையும் போனேன். அதற்கு அடுத்த கிழமையும். வெளி மைதானங்களுக்குப் போகும்போது வான் வண்டியிலிருந்து வாளியை இறக்கி முதலில் குழாய் எங்கே என்று தேடினேன். கோல் விழ விழ மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. ரைட்பேக் தனக்கும் தனியாக ஒரு தடவை எதிரே வரச் சொன்னான். ஒருத்தன் வாளியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் நடைபாதையில் முன்னும் பின்னுமாக நாலு தடவை நடந்தேன்.

தாமதம் பற்றி லீக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மனேஜர் அதை என் முன்னால் ஆட்டினார்.

"நான் இஞ்சை கிளப் நடத்திறனோ, நீ கோயில் நடத்திறியோ?"

"நான் தண்ணிதான் கொண்டு வாறன்."

"அப்ப கெதியாக் கொண்டு வா."

நிறுத்து என்று அவரும் சொல்லவில்லை. அணி ஆறு ஆட்டமாகத் தோற்கவில்லை.

4. நான் மறைத்த விஷயம்

இப்போது உண்மையைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஆகக் கூடாத முழுவியளம் யார் என்று கேட்டால், பூனைக்கு இரண்டாம் இடம்தான்.

நான் எதிரே வந்த நாளில் பெரியப்பாவின் புதுச் சைக்கிள் குளத்துக்குள் போனது. தபால்காரர் என்னைக் கண்டால் இறங்கி, நான் கடந்து போகும்வரை சைக்கிளைத் துடைப்பதுபோல நிற்பார். சொந்த அப்பாவே "அவன் எங்கை நிக்கிறான்?" என்று கேட்டுவிட்டுத்தான் படலையைத் திறப்பார். லண்டனிலும் மாற்றமில்லை. என் மனைவி ரதி முக்கியமான அலுவலாக வெளிக்கிட்டால் நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி.

வாளிக் கதையை நான் வீட்டில் சொன்னபோது ரதி ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்த மனுசனுக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ரெண்டு பெட்டையள்."

"பாவம். இஞ்சாருங்கோ, உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ."

"நீர் சும்மா இரும். கோல் அடிக்கிறான்தானே?"

ஆனால் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போயிருந்தது. மனேஜர் டோனலைக் கூப்பிட்டு நேரே சொல்லிவிட்டார். சீசன் முடிய முந்திப் பத்துக் கோல் வந்தால் இன்னொரு வருஷம் ஒப்பந்தம். வராவிட்டால் கை குலுக்கல். டோனல் அதைக் கிட் அறையில் என் பக்கத்தில் இருந்து, பூட்ஸுக்கு லேஸ் கோத்தபடி சொன்னான்.

"எனக்குக் கோலுக்கு முன்னாலை நிக்கத்தான் தெரியும், தவம். பதினாறு வயசிலையிருந்து அதைத்தான் செய்யிறன். வேறை எங்கை போய் நிக்கிறது?"

நான் ஸ்டட் பூட்டும் சாவியை எடுத்து, இறுகியிருந்த ஸ்டட்டை இன்னொரு தடவை இறுக்கினேன்.

5. கடைசி ஆட்டம்

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். டோனலின் கணக்கு ஒன்பது. ஒரு கோல் வேண்டும்.

அன்றைக்கென்று என் மச்சான் குகன், ரதியின் தமையன், ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், கடையைப் பெடியங்களிடம் விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்தார். ரதி சொல்லி அவருக்கு விஷயம் தெரியும். தேநீர்ப் பெட்டிக்கடையில் டோனல் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். இவர் தன்னை அறிமுகம் செய்திருக்கிறார். டோனல் என்னைப் புகழ்ந்திருக்கிறான். மச்சான் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சேர்ட்டில் ஊற்றிக்கொண்டு, எங்கள் ஊரில் நான் வருகிறேன் என்றால் கதவைச் சாத்துவார்கள் என்று முழு வரலாற்றையும் சொல்லிவிட்டார். சைக்கிளும் குளமும் உட்பட.

டோனல் கிட் அறைக்கு வந்தான். முகம் துவைத்த ஜெர்சிபோல இருந்தது.

"உண்மையோ?"

"எது?"

"குளம்."

"பெரியப்பாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அதையும் மச்சான் சொன்னாரோ?"

"தவம்."

"ஓம். உண்மைதான்."

அவன் வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். விரல் விட்டு எண்ணினான்.

"நீ எதிரே வந்து நான் ஆறு கோல் அடிச்சனான்."

"ஓம்."

"நீ வராமல் இருந்திருந்தால் பன்னிரண்டு அடிச்சிருப்பன்."

கணக்கு அப்படித்தான் வருகிறது. அவன் தலையை நிமிர்த்தினான். கோல் பெட்டிக்குள் பந்து வருவதை மற்றவர்களுக்கு முன்னமே காணும் ஃபோர்வேட்டின் கண்.

"அப்ப இவ்வளவு பெரிய சாமானை நாங்கள் பிழையான பக்கம் பாவிச்சிருக்கிறம்."

"விளங்கேல்லை."

"வெறும் வாளி உங்கடை ஊரிலை எப்பிடி?"

"அது படு மோசம்."

"சரி. இண்டைக்கு எனக்கு எதிரே வராதை. வெறும் வாளியோடை அவங்கடை கோல் கீப்பருக்கு எதிரே போ."

இருபது வருஷ லண்டன் வாழ்க்கை உள்ளவன், வரி கட்டுகிறவன், இதற்கு மறுத்திருக்கவேண்டும். நான் வாளியைக் கவிழ்த்துக் கடைசித் துளியும் போகத் தட்டினேன். எதிரணியின் அறை நடைபாதையின் மற்றப் பக்கம். மணி மூன்றடிக்கும் நேரம் பார்த்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் ராசியில் முழு நம்பிக்கை வைத்து நடந்தேன்.

கதவு திறந்தது. கீப்பர் வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும், நிலையில் தலை இடிக்கிற உயரம். என்னையும் பார்த்தான், வெறும் வாளியையும் பார்த்தான்.

"அங்கிள், தண்ணி தேடுறியளோ?"

"இல்லைத் தம்பி. சும்மா."

"வெளிக் குழாயிலை இண்டைக்கு வரேல்லை. எங்கடை அறையிலை நல்லா வருது. தாங்கோ."

நான் வாளியை இறுக்கிப் பிடித்தேன். அவனுடைய கை கீப்பரின் கை. ஒரே இழுவையில் வாளி அவனிடம் போய்விட்டது. உள்ளே போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நல்ல பிள்ளை, அரைவாசியோடு நிறுத்தவில்லை. விளிம்பு முட்ட நிரப்பிக் கொண்டு வந்து என் கையில் தந்தான். தந்துவிட்டு, நிறைகுடத்தோடு எதிரே நின்ற என்னைத் தாண்டி, சிரித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

அவன் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை அதற்கு முதலும் பிறகும் நான் எந்தக் கீப்பரிடமும் காணவில்லை. டோனல் தலையால் இடித்த பந்தை ஒரு விரலால் மேலே தட்டினான். ஆறு கெஜத் தூரத்திலிருந்து அடித்ததை முழங்காலால் தடுத்தான். மூன்றாவது பந்து அவன் விழுந்து கிடக்கும்போது வந்து முதுகில் பட்டுத் திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் டோனல் திரும்பி, மைதான ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்தான். நான் வாளிக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

எண்பத்தெட்டாவது நிமிடம் எங்களுக்குப் பெனால்ட்டி. கோல் இல்லை, இரு பக்கமும் பூச்சியம். டோனல் பந்தை வைத்தான். மனேஜர் கண்ணை மூடினார். நான் அவசரமாக வாளியைப் புல்லில் கவிழ்த்தேன். இவ்வளவு பிந்திக் கவிழ்த்தால் செல்லுமா என்று எங்கள் சாத்திரத்தில் எழுதியிருக்கவில்லை.

செல்லவில்லை. கீப்பர் வலப்பக்கம் பாய்ந்தான், பந்து நடுவில் போனது, பாய்ந்தவனின் பின்னால் நீண்ட காலில் பட்டு வெளியே போனது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் குளித்துப் போன பிறகும் டோனல் பூட்ஸ் கழற்றாமல் இருந்தான். மனேஜர் வந்து கையைக் குலுக்கினார். "நல்ல மனுசன் நீ" என்றார். ஒப்பந்தம் இல்லை என்பதை இங்கிலீஷ்காரர் அப்படித்தான் சொல்லுவார்கள். அவர் போனதும் நான் உள்ளதைச் சொன்னேன்.

"அவன் தண்ணி நிரப்பித் தந்துபோட்டான்."

"எவ்வளவு?"

"விளிம்பு மட்டும்."

டோனலின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துத் துவாயை நீட்டினேன். சிரிக்கிறான். சிரித்துச் சிரித்துக் கடைசியில் துவாயும் தேவைப்பட்டது. பிறகு பூட்ஸைக் கழற்றி, வழக்கம்போல மூலையில் எறியாமல், சேற்றைத் தட்டிவிட்டு ஜோடியாக என் முன்னால் வைத்தான். அந்த ஜோடியை நான் அன்றைக்கு மற்றவற்றோடு சேர்க்கவில்லை. தனியாகக் கழுவினேன்.

6. வேறு வேலை

மே மாதத்தில் டோனல் வேலை தேடத் தொடங்கினான். முதல் நேர்முகம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில். அதற்கு முதல் நாள் பின்னேரம் எனக்குப் போன் வந்தது.

"காலமை எட்டு மணிக்கு வீட்டு வாசலுக்கு வா. நிறைஞ்ச வாளியோடை."

"நான் யாரெண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஆனால் கீப்பருக்கு வேலை செய்துதே? ஆளிலை பிழை இருந்தாலும் தண்ணி வெல்லும். சோதிச்சுப் பாத்தாச்சு."

அறிவியல் முறைப்படி பேசுகிறவனோடு வாதாட ஏலாது. வெறும் வாளியோடு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினேன். எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அவனுடைய தெரு முனைக் கடையில் இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல் வாங்கி, நடைபாதையில் வைத்து நிரப்பி, டோனல் கோட்டும் டையுமாகப் படியிறங்க எதிரே நடந்தேன். அவனுடைய சின்ன மகள் ஜன்னலால் கை காட்டினாள்.

அந்த வேலை கிடைக்கவில்லை.

இரண்டாவது, கவுன்சிலின் நீச்சல் தடாகத்தில் மேற்பார்வை வேலை. மறுபடியும் போனேன். இந்த முறை பெரிய வாளி. அதுவும் கிடைக்கவில்லை. நீந்தத் தெரியுமா என்று கேட்டார்களாம். அதற்கு நான் பொறுப்பில்லை என்றாலும் மனம் கேட்கவில்லை.

மூன்றாவது நேர்முகம் ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிற வேலை. அன்றைக்கு லாண்டரியில் எனக்குக் காலை ஷிப்ட். முதலாளி லீவு தரவில்லை. வர ஏலாது என்று டோனலுக்குச் சொன்னபோது அவன் குரல் விழுந்துவிட்டது. பகல் முழுக்க இஸ்திரி போட்டுக்கொண்டு நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சேர்ட்டின் கொலரைக் கருக்கினேன்.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

"கிடைச்சிட்டுது," என்றான். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "கோலுக்கு முன்னாலை எப்பிடி நிக்கிறதெண்டு காட்டச் சொன்னவை. முக்கால் மணித்தியாலம் காட்டினனான்."

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். சந்தோஷம்தான். கூடவே இன்னொன்றும் மெல்ல விளங்கியது. நான் போன இரண்டு தடவையும் இல்லை. போகாத தடவை கிடைத்தது. டோனல் அந்தக் கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

"திங்கட்கிழமை முதல் நாள், தவம். ஏழரைக்கு வெளிக்கிடுறன். வா. வாளியோடை."

அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. முழு நாளும் ஓய்வு.

"ஏலாது, டோனல்," என்றேன். "அண்டைக்கும் ஷிப்ட்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஸ்டட்டை இறுக்கிப் பூட்டுங்கோ. வெள்ளைச் சொக்ஸைச் சிவப்பு ஜெர்சியோடு துவைக்கப் போடாதேங்கோ. ஆட்டக்காரன் கேட்பதை முடிந்தவரை செய்து கொடுங்கோ. ஆனால் அவன் கூப்பிட்டாலும் வீட்டில் இருக்கவேண்டிய நாள் ஒன்று வரும். அந்தத் திங்கட்கிழமை ஏழரை மணிக்கு நான் பார்க்கிங்கில் என் குசினியில், சுவரைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் அவனுக்கு நான் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி அதுதான்.